லுங்கியா பேண்ட்டா, பெல்ட்டா லிஃப்ட்டா: ஏஎல்எஸ் உள்ளவரை உடுத்துவதும் இடம் மாற்றுவதும்

ஏஎல்எஸ் எனப்படும் மோட்டார் நியூரான் நோய் உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்பார்கள். என்ன உடுத்துவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது. என் கணவரைப் பார்த்துக்கொள்ளும் நான், இரண்டும் ஒரே கேள்வி என்பேன். உடம்பில் என்ன துணி இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அவரை நகர்த்தும் முறை. எந்த முறையில் நகர்த்தப் போகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் துணி.

நோயைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள்தான் இதில் அழிகின்றன. தொடு உணர்ச்சி போவதில்லை. முதுகுக்கு அடியில் துணி சுருங்கிக் கிடந்தால் அவருக்கு நன்றாகத் தெரியும். இழுத்துவிடத்தான் கை எழாது. சிறுநீரை அடக்கும் தசையும் கண்ணை அசைக்கும் தசையும் பெரும்பாலானவர்களுக்கு நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அதனால் டயப்பர் என்பது பல வீடுகளில் நோய் கேட்டு வருவதல்ல, இடம் மாற்ற முடியாததால் வருவது. உடையும் தூக்கும் முறையும் சரியாக அமைந்தால் அதைப் பல மாதங்கள் தள்ளிப்போடலாம்.

இடுப்புக்குக் கீழே

நம் வீடுகளில் முதல் தேர்வு லுங்கிதான். காற்றோட்டம் இருக்கும், யூரின் கேன் வைப்பது நொடி வேலை, வயிற்றை இறுக்காது. படுத்தே இருக்கும் நேரத்துக்கு இதை மிஞ்சிய உடை இல்லை. ஆனால் எழுப்பி நிறுத்தும்போது முடிச்சு நழுவும், விளிம்பு காலில் மாட்டும், வீல்சேரில் உட்கார்ந்தால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். மூட்டிய லுங்கியாக இருந்தால் இன்னொரு தொல்லை. அதை மாட்ட இரண்டு காலையும் தூக்க வேண்டும். ஒரு காலின் எடை மொத்த உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதருக்கு ஒரு கால் மட்டுமே 10 கிலோ. ஒரு நாளைக்குப் பலமுறை அதைத் தூக்குபவரின் இடுப்பு என்னாகும்?

இதற்கு மாற்று மூட்டாத துணி. இடுப்பில் வெல்க்ரோ வைத்த வேட்டி கடையிலேயே கிடைக்கிறது. அதைப் படுக்கையில் விரித்து, அவரை ஒரு பக்கம் புரட்டி அடியில் செருகி, மறுபக்கம் புரட்டி இழுத்து முன்னால் ஒட்டிவிடலாம். காலைத் தூக்கவே வேண்டாம். படுக்கைக்கு என் வாக்கு இதற்குத்தான். வெல்க்ரோ தோலில் படாமல் உள்ளே ஒரு மடிப்புத் துணி இருக்கட்டும். துவைக்கும்போது ஒட்டி வைத்துப் போட்டால்தான் நூலும் பஞ்சும் சேராமல் பிடிப்பு நிற்கும்.

நாற்காலிக்கு மாற்றும் நேரத்துக்கு எலாஸ்டிக் பேண்ட்தான் நல்லது. இரண்டு கால்களும் தனித்தனியாக மூடியிருப்பதால் பெல்ட், பலகை, ஆளைத் தூக்கும் லிஃப்ட் வண்டியில் மாட்டும் ஸ்லிங் என்ற துணித் தொட்டில் எதுவானாலும் உடை குறுக்கே வராது. வழக்கமாக அணிவதை விட ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். பின்பாக்கெட் இருந்தால் தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்தெடுத்துவிடுங்கள். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்பவருக்கு அந்தத் தடித்த தையலே வால் எலும்புப் பக்கம் புண்ணுக்கு வழி வைக்கும்.

பருத்தியா, வழுவழுப்பான சாட்டின் வகையா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கொஞ்சமாவது புரள முடிகிறவருக்குப் படுக்கையில் சாட்டின் பேண்ட் பெரிய உதவி, உராய்வு குறைவதால் சிறிய உந்தலிலேயே உடம்பு திரும்பிவிடும். அதே துணியுடன் நாற்காலியில் உட்கார வைத்தால் இடுப்பு முன்னால் வழுக்கிக்கொண்டே வரும். இரவுக்கு அது, பகலுக்குப் பருத்தி.

மேலுக்கு

தலை வழியாகப் போடும் எதுவும் வேண்டாம். தோளைச் சுற்றியுள்ள தசை கரைந்த பிறகு, கையை மேலே தூக்கி இழுப்பது மூட்டையே நழுவ வைக்கலாம். முன்பக்கம் திறக்கும் அரைக்கைச் சட்டை போதும். போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். வயிற்றில் உணவுக் குழாய் வைத்தவர்களுக்கும் முன் திறப்பே வசதி. அவர் தன் கையால் பட்டன் போட்ட காலம் முடிந்துவிட்டது என்பதற்காகப் பட்டனையே எடுத்துவிட வேண்டியதில்லை. பட்டனை மேலே வெறுமனே தைத்து, அடியில் வெல்க்ரோ வைத்துக் கொடுக்கும் தையல்காரர்கள் இருக்கிறார்கள். வெளியே போகும்போது பழைய சட்டையிலேயே போவது அவருக்குப் பெரிய விஷயம்.

பெண்களுக்கு, மேலிருந்து கீழ்வரை ஜிப் வைத்த நைட்டி தலைவழி நைட்டியை விட எவ்வளவோ மேல். லிஃப்ட்டில் தூக்கிக் கமோடில் உட்கார வைக்கும் நிலை வந்துவிட்டால், பின்பக்கம் இடுப்பிலிருந்து கீழே வெட்டி, இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி தைத்த நைட்டிதான் ஏற்றது. தூக்கும் முன் இரண்டு பக்கமும் விலக்கிவிட்டால் போதும். தொங்கும் நிலையில் உடையை இழுக்க வேண்டிய அவமானம் அவருக்கு இருக்காது. யாராவது பார்க்க வரும்போது அம்மா புடவைதான் கட்டுவேன் என்றால், மடிப்பு வைத்துத் தைத்த புடவையும் முன்பக்கம் ஒட்டும் ரவிக்கையும் இருக்கின்றன. அந்த ஆசைக்கு நேரம் ஒதுக்குங்கள்.

மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசை தளர்ந்தவருக்கு மட்டமாகப் படுத்தாலே மூச்சு திணறும். ஆகவே எந்த உடையானாலும், தலைமாட்டை உயர்த்தி வைத்துக்கொண்டே எவ்வளவு வேலையை முடிக்க முடிகிறது என்று பாருங்கள். புரட்டும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் தலைமாட்டை இறக்கினால் போதும். பைபேப் எனும், முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் இயந்திரம் தேவைப்படுபவருக்கு அதைக் கழற்றாமல், குழாய் எட்டும் தூரத்தில் இயந்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் மாற்ற

அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதை ஊரே சரியென்று நினைக்கிறது. ஏஎல்எஸ் உள்ளவருக்கு அது வேண்டவே வேண்டாம். காரணம் மேலே சொன்ன அதே தோள். பேண்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தூக்குவதும் அப்படியே, தொடை இடுக்கில் அறுக்கும்.

காலில் கொஞ்சம் பலம் மிச்சமிருந்து, நிமிர்ந்து நிற்க முடிகிறவரை, கைப்பிடி வைத்த இடுப்பு பெல்ட் போதும். எதிரே நின்று, அவர் முட்டியை நம் முட்டியால் தாங்கி, எழுப்பி, திருப்பி, உட்கார வைப்பது. செருப்பு பின்கால் பட்டையுடன் இருக்க வேண்டும். ஹவாய் செருப்பும் வெறும் சாக்ஸும் டைல்ஸ் தரையில் ஆபத்து. மாலையில் பாதம் வீங்குவதால் வெல்க்ரோ பட்டை உள்ளதாக வாங்குங்கள். இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. நேற்று நின்ற கால் இன்று மாலை களைப்பில் மடங்கிவிடலாம். முட்டி ஒருமுறை மடங்கினாலே அடுத்த முறைக்குத் தயாராகிவிடுங்கள், விழும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த முறை எனப் பலர் சொல்வது வழுக்குப் பலகை. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பாலம் போலப் போட்டு, உட்கார்ந்தபடியே நகர்த்துவது. விலை குறைவு, இடம் அடைக்காது, காருக்கும் உதவும். ஆனால் முதுகு நிமிர்ந்து நிற்க வேண்டும், வீல்சேரின் கைப்பிடி கழலக்கூடியதாக இருக்க வேண்டும், இரண்டு பரப்பும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். லுங்கி மேலேறி வெறும் தோல் பலகையில் பட்டால் ஒட்டிக்கொண்டு உரியும். முதுகுத்தண்டுக் காயம் பட்டவர்களுக்குக் கை பலமாக இருப்பதால் பலகை பல வருடம் உழைக்கும். ஏஎல்எஸ்ஸில் கையும் கழுத்தும் கூடவே தளர்வதால் அதன் காலம் குறுகியது. பணம் ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால் பலகையைத் தாண்டி லிஃப்ட்டுக்குப் போகச் சொல்வேன்.

இரண்டு பேர் தலையும் காலும் பிடித்துத் தூக்குவது அவசரத்துக்கு மட்டும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் கணக்கீட்டு முறையை வைத்து 2007-ல் வகுக்கப்பட்ட வரம்பின்படி, நோயாளியைக் கையால் தூக்கும் ஒருவர் ஏற்கலாம் எனப்படும் எடை 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ. எவ்வளவு மெலிந்தவரானாலும் இரண்டு பேருக்குள் அந்தக் கணக்கு அடங்காது. பார்த்துக்கொள்பவரின் முதுகு போனால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்.

லிஃப்ட் என்பது நெம்புகோலை அடித்தோ மோட்டாரிலோ உயர்த்தும் சக்கர வண்டி. என்னைப் போன்ற மெலிந்த உடம்புக்காரியும் தன்னை விடக் கனமானவரைத் தனியாக மாற்ற இதில்தான் முடியும், இன்னொருவர் கூட இருந்தால் நிம்மதி. ஸ்லிங் வாங்கும்போது தலையைத் தாங்கும் பகுதி உள்ளதா என்று முதலில் பாருங்கள். கமோடுக்கென்று விற்கும், நடுவில் பெரிதாகத் திறந்த ஸ்லிங்கில் உடையை விலக்குவது சுலபம், ஆனால் அது முதுகும் கழுத்தும் நிற்பவருக்கு. அவை தளர்ந்தவருக்குத் தொடைக்கு இரண்டு பட்டை பிரியும் முழு முதுகு ஸ்லிங்தான் பாதுகாப்பு. பட்டையைச் செருகும் முன் தொடைக்கு அடியில் துணியை இழுத்துச் சமன்படுத்துங்கள். தொங்கும்போது ஒரு மடிப்பு கயிறாக இறுக்கும். எல்லாம் சரியா என்று அவரைப் பார்த்துக் கேளுங்கள். "என்னங்க, தூக்கலாமா?" என்று கேட்டு, சரி என்பதற்கு அடையாளமாக அவர் கண் மேலே போன பிறகுதான் நான் நெம்புகோலைத் தொடுவேன்.

வாங்கும் முன் வீட்டை அளந்துகொள்ளுங்கள். லிஃப்ட்டின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும், சுமார் 12 சென்டிமீட்டர் இடைவெளியாவது தேவை. அடியில் பெட்டி வைத்த கட்டிலில் நுழையாது. நிலைப்படியில் ஏறாது. குளியலறைக் கதவு குறுகலாக இருந்தால் லிஃப்ட்டை உள்ளே கொண்டுபோக நினைக்காமல், சக்கரம் வைத்த கமோடு சேருக்குக் கட்டிலருகிலேயே மாற்றி, அதைத் தள்ளிக்கொண்டு போய் மேற்கத்தியக் கழிப்பறைக்கு மேல் நிறுத்தி, அதிலேயே குளிக்கவும் வைக்கலாம். நான்கு முறை தூக்குவது இரண்டு முறையாகிவிடும். வாடகைக்கு எடுத்து, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க, அவர் இன்னும் பெல்ட்டில் நிற்கும் நாட்களிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஸ்லிங் எங்கே குத்துகிறது, எது இறுக்குகிறது என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் குரல் இருக்கும்போதே.