மோரிஸ் மரீனா 1.3: தினமும் ஓட்டினால் தாங்குமா?

தாங்கும். ஆனால் "தாங்குமா" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இன்ஜினை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். மரீனாவில் இன்ஜின் கடைசிக் கவலை. முன் சக்கரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கிரீஸ் நிப்பிள்களும் (கிரீஸ் ஏற்றும் சிறு முனைகள்), பிரிட்டனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டும் உப்பும்தான் இந்தக் காரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

1971 ஏப்ரலில் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கவுலி தொழிற்சாலையிலிருந்து பிரிட்டிஷ் லேலண்ட் வெளியிட்ட கார் இது. ஃபோர்டு கார்ட்டினாவுக்குப் போட்டியாக, நடுத்தரக் குடும்பங்களுக்கும் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகளுக்குமாகச் செய்தது. 1980 வரை ஓடிய உற்பத்தியில் பிரிட்டனில் மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல் விற்றது. இன்று அங்கே சாலையில் இருப்பவை சில நூறுதான். இந்த எண்ணிக்கை சரிந்ததற்கு முதல் காரணம் துரு. அடுத்த காரணம், யாரும் இதைப் பாதுகாத்து வைக்க வேண்டிய கார் என்று நினைக்காதது. அது நியாயமில்லை என்பது இதை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

தொடக்கத்தில் இரண்டு இன்ஜின்கள் வந்தன. 1.3-இல் 1275 சிசி ஏ சீரிஸ், 1.8-இல் 1798 சிசி பி சீரிஸ். பி சீரிஸ் நமக்குப் புதிதல்ல, அம்பாசடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் அதே குடும்பம். தினசரி ஓட்டத்துக்கு 1.3-ஐயே சொல்வேன். முன்பக்கம் எடை குறைவு, ஸ்டீயரிங் இலகு, முன் சஸ்பென்ஷனுக்குச் சுமையும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக உதிரி பாகம். மினி, எம்ஜி மிட்ஜெட், அல்லெக்ரோ என்று ஏ சீரிஸ் போகாத வீடு இல்லை. மினி 2000 வரை தயாரிப்பில் இருந்ததால் கேஸ்கெட், வாட்டர் பம்ப், வால்வு என்று எதைக் கேட்டாலும் புதிதாகவே கிடைக்கிறது, விலையும் கையைக் கடிக்காது.

ஓட்டும்போது என்ன எதிர்பார்க்கலாம்? நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலைத் தொட 17, 18 வினாடி ஆகும். நகரத்துக்குள் இது குறையாகவே தெரியாது. மோட்டார்வேயில் 70 மைலில் போனால் இன்ஜின் 4,300 சுற்றை ஒட்டிச் சுழலும். ஐந்தாவது கியரும் இல்லை, ஓவர்டிரைவும் இல்லை. சத்தத்தில் பேச்சுக் கேட்காது. 55-60 மைலில் இடது பாதையில் போனால் காரும் நிம்மதியாக இருக்கும், காதும் நிம்மதியாக இருக்கும். மைலேஜ் கேலனுக்கு 30 முதல் 34 மைல், அதாவது லிட்டருக்குப் பத்தரை முதல் பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்குக் கீழே இறங்கினால் சோக் முழுதாக உள்ளே போகிறதா, பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குளிர் காலையில் ஸ்டார்ட் செய்வதில் பலர் ஒரே தவற்றைச் செய்கிறார்கள், ஆக்ஸிலரேட்டரை நாலைந்து முறை மிதிப்பது. இதில் இருக்கும் எஸ்யூ கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது. மிதித்தால் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடக் கூடுதலாகப் போகாது. சோக்கை முழுதாக இழுத்து, காலை எடுத்துவிட்டு, சாவியைத் திருப்ப வேண்டும். பிடித்ததும் சோக்கைப் பாதிக்குத் தள்ளி, ஒரு மைலுக்குள் முழுதாக உள்ளே விட்டுவிடுங்கள். சோக்கில் அதிக நேரம் ஓடினால் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும். ஓட்டத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் ஒரு கணம் இன்ஜின் திணறினால், கார்புரேட்டர் தலையில் இருக்கும் கருப்பு மூடியைக் கழற்றி டேம்பர் தண்டை வெளியே எடுங்கள். உள்ளே ஆயில் வற்றியிருக்கும். பிஸ்டன் தண்டின் குழாய் விளிம்புக்கு மேலே 13 மி.மீ. நிற்கும்படி ஆயில் ஊற்றினால் போதும். ஆயில் இல்லாதபோது பிஸ்டன் தடையில்லாமல் எம்பிவிடும், காற்று அதிகமாகப் போகும், அதுதான் திணறல். மாதம் ஒருமுறை பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இனி முக்கியமான இடம். மரீனாவின் முன் சஸ்பென்ஷன் மோரிஸ் மைனரிலிருந்து வந்தது. நீளவாக்கில், முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார், மேல் கையாகவே வேலை செய்யும் லீவர் ஷாக் அப்சார்பர், கீழே மரையிட்ட டிரனியன். யாழ்ப்பாணத்தில் மைனர் வைத்திருந்த குடும்பங்களுக்கு டிரனியன் என்றாலே என்னவென்று புரியும். சக்கரத்தைத் தாங்கும் தண்டு, கீழே பித்தளை போன்ற உலோகக் கட்டைக்குள் போல்ட்டும் நட்டும் போல மரையில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் சுழல்கிறது. காரின் முன்பக்க எடை முழுக்க அந்த மரையின் மேல். கிரீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்து அறுந்தால் சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் சாயும். ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிரீஸ் அடிப்பதிலும் முறை இருக்கிறது. சக்கரம் தரையில் இருக்கும்போது அடித்தால் எடை தாங்கும் பக்கம் இறுக்கமாக ஒட்டியிருக்கும், கிரீஸ் தளர்ந்த பக்கம் வழியாக வெளியேறிவிடும். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் இரண்டையும் தொங்கவிடுங்கள். நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு கிரீஸ் கன்னைப் பொருத்துங்கள். ஒருவர் பம்ப் செய்ய இன்னொருவர் ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். பழைய கிரீஸ் கருப்பாக வெளியே வரும். புதிய நிறம் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. கருப்புக் கிரீஸோடு செந்நிறத் தூள் வந்தால் உள்ளே தண்ணீர் போய்த் துரு பிடித்திருக்கிறது. கிரீஸ் போகவே மறுத்தால் நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள், "அடுத்த முறை பார்ப்போம்" என்று விடாதீர்கள். தினமும் ஓடும் காருக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது 5,000 கிலோமீட்டருக்கு முன்பே, இதைச் செய்ய வேண்டும். அதே நேரத்தில் சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பியும் பாருங்கள். மரையில் ஆட்டம் இருந்தால் கையிலேயே தெரியும்.

லீவர் ஷாக்கின் தலையில் ஆயில் ஊற்றும் பிளக் இருக்கும். சுற்றிலும் உள்ள மண்ணைப் பிரஷால் துடைக்காமல் திறந்தால் மண் உள்ளே விழுந்து வால்வைக் கெடுக்கும். முன் பம்பரை அழுத்திவிட்டால் வண்டி ஒருமுறை எழும்பி நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஆயில் குறைவு, அல்லது சீல் போய்விட்டது. சீல் போனதில் ஆயில் ஊற்றுவது வீண், சீரமைத்த யூனிட் வாங்கிப் போட வேண்டும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் சாதாரண ஷாக்கும்தான், தொந்தரவு இல்லை. 1975 அக்டோபரில் வந்த இரண்டாம் மாடலில், வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார் சேர்த்தார்கள். வளைவுகளில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், முடிந்தால் அதற்குப் பிந்திய காராகப் பார்த்து வாங்குங்கள். அந்த மாடலின் டேஷ்போர்டில் ரேடியோ இருக்கும் நடுப்பகுதி மட்டும் டிரைவரை விட்டு விலகிப் பக்கத்து சீட்டை நோக்கித் திரும்பியிருக்கும். ஓட்டிக்கொண்டே ரேடியோவைத் தொடாதீர்கள்.

பெட்ரோல் விஷயம். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் 1999 முடிவோடு பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. ஈயம் இல்லாவிட்டால், கடினப்படுத்தாத எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து, வால்வு மெல்ல சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கும். இதைக் கண்டுபிடிக்க ஹெட்டைக் கழற்ற வேண்டாம், டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி, போதும். குளிர்ந்த இன்ஜினில் எட்டு வால்வுக்கும் 0.30 மி.மீ. ஒரு வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது, அதன் எண்ணோடு கூட்டினால் ஒன்பது வரும் வால்வைச் சரிசெய்யுங்கள். எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவது, ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவது. முன்னிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். இந்த நான்கில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்தே வந்தால் அந்த சீட் தேய்கிறது. அடுத்த முறை ஹெட் இறங்கும்போது கடினப்படுத்திய சீட் போட்டுவிடுங்கள். அதுவரை பெட்ரோலில் கலக்கும் அடிட்டிவ் போதும்.

2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் ஹோஸைக் கரைத்து மென்மையாக்கும். ஹோஸின் உள்புறத்திலிருந்து உதிரும் கருந்துகள் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். சூப்பர் ரகத்தில் இ5 கிடைக்கிறது, அதைப் போடுங்கள். ஹோஸை மட்டும் எப்படியும் எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஹோஸ் வெடித்துச் சூடான மேனிஃபோல்டில் பெட்ரோல் விழுவதைவிட இது மலிவு.

ஏ சீரிஸில் எல்லோரும் மறக்கும் ஒரு பாகம் இருக்கிறது. வாட்டர் பம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே, விரல் நீளம்கூட இல்லாத பைபாஸ் ஹோஸ். இது விரிசல் விட்டால் தண்ணீர் சத்தமில்லாமல் குறையும், வெப்பமானி முள் ஏறுவதைக் கவனிப்பதற்குள் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். நேரான ஹோஸாக இருந்தால் பம்பைக் கழற்றாமல் மாற்ற முடியாது. மடிப்பு மடிப்பாக வரும் ஹோஸை நசுக்கி உள்ளே நுழைத்துவிடலாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேட்காமலே மாற்றுங்கள். கூலன்ட் பழைய வகை நீல நிற கிளைகால், தண்ணீரோடு பாதிக்குப் பாதி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஆயில் 20டபிள்யூ-50 மினரல், துத்தநாகச் சேர்ப்பு உள்ளது, 3,000 மைலுக்கு ஒருமுறை. நிறுத்திய இடத்தில் இரண்டு சொட்டு ஆயில் விழுந்தால் பதற வேண்டாம். பின் மெயின் பேரிங்கில் ரப்பர் சீலுக்குப் பதில் ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரை மட்டும்தான் இருக்கிறது. கோப்பை அளவுக்குத் தேங்கினால்தான் கவலை.

ஈரக் காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடைப்பது பாதி நோய்க்கு மருந்து. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கான்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இப்போது வரும் மலிவு கண்டென்சரும் ரிவெட் அடித்த ரோட்டரும் சில நூறு மைலிலேயே கைவிடுகின்றன. ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டரைத் தேடி வாங்குங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டாலும் பழைய பாயிண்ட் செட்டை டிக்கியில் வைத்திருங்கள். ஹெட்லைட் மங்கலாக இருந்தால் பல்பை மாற்றும் முன் ரிலே போடுங்கள்; முழுக் கரண்டும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருவதுதான் வெளிச்சத்தைத் தின்கிறது.

கியர்பாக்ஸ் டிரையம்ஃப் காரிலிருந்து வந்தது, இரண்டாம் கியரின் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) சீக்கிரம் தேயும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்திப் போட்டால் கரகரக்காது. ஆரம்பகால 1.3-இல் முன்னாலும் டிரம் பிரேக்தான் ஸ்டாண்டர்ட். இன்றைய போக்குவரத்தில் அது போதாது, டிஸ்க் உள்ள காரையே வாங்குங்கள்.

வரியும் சட்டமும் சாதகம். நாற்பது வயது தாண்டிய கார் என்பதால் சாலை வரி பூஜ்யம், ஆனாலும் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும். 2018 மே முதல் எம்ஓடி எனும் ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. லண்டன் புகைக் கட்டணமும் கிடையாது. இருந்தாலும் எம்ஓடியை விருப்பத்தின் பேரில் செய்துகொள்ளுங்கள். தினமும் ஓடும் காரின் அடிப்பக்கத்தை இன்னொரு கண் பார்ப்பது நல்லது. இன்சூரன்ஸில் கவனம் தேவை. மலிவான கிளாசிக் பாலிசிகள் பல வேலைக்குப் போய்வருவதைச் சேர்ப்பதில்லை, ஆண்டு மைலுக்கும் வரம்பு வைக்கின்றன. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இன்னொன்று: பெல்ட் இல்லாத பின்சீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்ற பிரிட்டனில் சட்டம் அனுமதிக்காது.

துருவுக்கு வருவோம். தினமும் ஓடுவது இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் நல்லது, உடம்புக்குக் கெடுதல். செப்டம்பரில், மழை பிடிக்கும் முன், அடிப்பக்கம் காய்ந்திருக்கும்போது சில்லுக்குள்ளும் (கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிப் பகுதி) காரின் அடிச்சட்டத்துக்குள்ளும் மெழுகு அடியுங்கள். உப்பு போடும் மாதங்களில் வாரம் ஒருமுறை மட்கார்டு உட்புறம், பட்டை மாட்டும் இடம், ஜாக்கி வைக்கும் இடம் எல்லாவற்றையும் ஹோஸால் கழுவுங்கள். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள், தண்ணீர் தேங்கினால் கதவு உள்ளிருந்தே அழுகும். கதவுக் கைப்பிடி உடைந்தால் பயமில்லை, அதே கைப்பிடி முதல் லேண்ட்ரோவர் டிஸ்கவரியிலும் லோட்டஸ் எஸ்பிரிட்டிலும் இருக்கிறது. பின் விளக்குக் கண்ணாடி, கிரில், மட்கார்டு ஆகியவை அப்படி அல்ல. தேவை வரும்வரை காத்திருக்காமல், கண்ணில் பட்ட அன்றே வாங்கி வைத்துவிடுங்கள்.

வாங்கப் போகும்போது கையில் ஒரு காந்தமும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். டிரைவர் பக்கக் கார்பெட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள், ஹெட்லைட்டைச் சுற்றிலும் சில்லிலும் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பெயிண்டுக்கு அடியில் இருப்பது பட்டி. அப்புறம் ஜாக்கியைக் கேட்டு முன் சக்கரத்தைத் தூக்குங்கள். நிப்பிளைச் சுற்றிப் புதிய கிரீஸ் கசிந்திருந்தால் அந்தக் காரைப் பற்றி மேலே பேசலாம். வறண்டு துருப் படிந்திருந்தால், இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், இரண்டு டிரனியனையும் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். மாற்றாமல் வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள், டிரெய்லரில் ஏற்றி வாருங்கள்.