180 ரூபாய் ஏரேட்டர்: பெங்களூரில் இரண்டு கோடை ஓட்டிய பிறகு

தண்ணீர் ஓட்டத்தைக் குறைக்கக் குழாய் முனையில் திருகுகிற ஒரு சின்னச் சல்லடைக்கு இத்தனை நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தில் இதை வாங்கச் சொல்லிப் பெங்களூர் முழுக்க ஒரே அமளி. அந்த அவசரத்தில் நான் உட்பட எல்லாரும் எந்தக் குழாய்க்கு எது என்று யோசிக்காமலே வாங்கிக் குவித்தோம்.

அந்த மாதம் எப்படி இருந்தது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நகரில் இருந்த ஆழ்துளைக் கிணறுகள் 13,900, அதில் 6,900 வேலை செய்யவில்லை என்று துணை முதல்வர் டி.கே.சிவகுமாரே சொன்னார். குடிநீர் வாரியம் ஒரு தடை உத்தரவு போட்டது: குடிக்கிற தண்ணீரில் கார் கழுவக் கூடாது, தோட்டத்துக்கு விடக் கூடாது, கட்டட வேலைக்கும் அலங்கார நீரூற்றுக்கும் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம், திரும்பச் செய்தால் அதற்கு மேல் நாளுக்கு 500. கொஞ்ச நாளில் நீச்சல் குளமும் தடைக்குள் வந்தது. ஹோலிக்குச் செயற்கை மழையில் ஆடுகிற ரெயின் டான்ஸ் வைக்க காவிரித் தண்ணீரும் கூடாது, போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரும் கூடாது என்றார்கள். இதற்கு நடுவில்தான் ஹோட்டல், அலுவலகம், அபார்ட்மென்ட், கோயில் எல்லாவற்றிலும் மார்ச் முடிவதற்குள் ஏரேட்டர் மாட்டியாக வேண்டும் என்று வந்தது.

நாங்கள் இருப்பது நகரின் கிழக்கு ஓரத்தில் வர்த்தூர் பக்கம், அப்போது எங்கள் தெருவில் காவிரி கிடையாது, போர் தண்ணீரும் டேங்கர் லாரியும்தான். பிப்ரவரிக் கடைசியில் போர் காற்றைத்தான் கக்கியது. 12,000 லிட்டர் லாரி 2,000 ரூபாயைத் தாண்டிப் போன பிறகு மாவட்ட நிர்வாகம் ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000, பத்துக்குள் 1,200 என்று விலை கட்டியது. கட்டிய மறுநாளிலிருந்து எங்களுக்கு வழக்கமாக ஊற்றுகிறவர் போனை எடுக்கவே இல்லை. சரி, தண்ணீரைக் கூட்ட முடியாது, செலவையாவது குறைப்போம் என்று எங்கள் அபார்ட்மென்ட் சங்கம் நாற்பது வீட்டுக்கும் மொத்தமாக ஏரேட்டர் வாங்கியது. ஒன்று 180 ரூபாய். இப்போது அதே சாமானைப் பாதி விலைக்கு வாங்கலாம், அது வேறு வயிற்றெரிச்சல்.

பெட்டியில் பித்தளை வளையம், உள்ளே பிளாஸ்டிக் சல்லடை, ஒரு ரப்பர் வாஷர். மாட்டுவதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. குழாய் முனையில் ஏற்கெனவே ஒரு மூடி திருகியிருக்கும், அதைத் துணி சுற்றிக் கட்டிங் பிளேயரால் கழற்றிவிட்டு இதைத் திருக வேண்டியதுதான். துணி சுற்றாமல் கழற்றினால் குழாயின் பளபளப்பு போகும், என் வீட்டில் போய்விட்டது. மறையில், அதாவது திருகு வரியில், இரண்டு விதம் இருக்கிறது: குழாயின் உள்பக்கம் மறை இருந்தால் 24 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் இருந்தால் 22. சங்கம் எல்லாருக்கும் ஒரே விதத்தை வாங்கிவிட்டு, பொருந்தாத வீடுகளில் பிளம்பர் டெஃப்லான் டேப்பைச் சுற்றி அமுக்கிவிட்டுப் போனார். ஒரே வாரத்தில் அவை ஒழுக ஆரம்பித்தன. தண்ணீர் மிச்சம் பிடிக்கிற கருவி ஒழுகினால் யாரிடம் போய் அழுவது?

நான் ஒரு லிட்டர் குவளையும் போன் ஸ்டாப்வாட்சும் வைத்து அளந்து பார்த்தேன். வாஷ் பேசினில் முன்பு ஐந்து விநாடியில் லிட்டர் நிறைந்தது, அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். ஏரேட்டர் மாட்டிய பிறகு 18 விநாடி. பெட்டியில் நிமிடத்துக்கு 3 லிட்டர் என்று போட்டிருந்தது, எனக்கு வந்தது மூன்றே காலுக்குக் கொஞ்சம் மேல், பொய் இல்லை. கை கழுவ, முகம் கழுவ, பல் தேய்க்க இது தாராளமாகப் போதும். முதல் இரண்டு நாள் என்னவோ போல இருக்கும், அப்புறம் பழகிவிடும். வெளியூரில் சாதாரணக் குழாயைத் திறந்தால் எதற்கு இவ்வளவு கொட்டுகிறது என்று எனக்கே இப்போது தோன்றுகிறது.

சமையலறையில்தான் வம்பு. அதே 3 லிட்டர் சாமானை அங்கேயும் மாட்டிவிட்டார்கள். அது ஊசி ஊசியாகத் தெளிக்கிற வகை, எண்ணெய்ச் சட்டியில் பட்டால் பிசுக்கு போகாமல் சட்டை மேல் தெறிக்கும். பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்குத் திருவண்ணாமலைப் பக்கம். முதல் நாளே "என்னக்கா இது, குழா அழுவுது" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் தினமும் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்த்து முடித்த பிறகு திரும்ப மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், இரண்டு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. கோபப்பட முடியவில்லை, அவர் செய்ததில் நியாயம் இருந்தது. கடையில் நானே போய் நிமிடத்துக்கு 6 லிட்டர் விடுகிற, காற்றைக் கலந்து நுரை மாதிரி விடுகிற வகையை வாங்கி மாட்டினேன். அதில் தண்ணீர் பருமனாக விழுவது போலத் தெரியும், தெறிக்காது. அதற்குப் பிறகு அக்கா கழற்றவில்லை.

வாளி வைக்கிற குழாயில் இதை மாட்டுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், மாட்டாதீர்கள். 18 லிட்டர் வாளிக்கு வேண்டியது 18 லிட்டர்தான், அது ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தாலும் ஐந்தரை நிமிடத்தில் நிறைந்தாலும் ஒன்றுதான். மிச்சம் ஒரு சொட்டு கூட இல்லை, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற நேரத்தில் சண்டைதான் மிச்சம். திறந்துவிட்டுக் கீழே ஒரு வேலை செய்கிற குழாய்க்குத்தான் ஏரேட்டர். இந்த ஒரு வரியை அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

பக்கத்து வீட்டில் கேஸ் கீசர். குளியலறைக் குழாயில் ஏரேட்டர் மாட்டிய பிறகு அது பற்றவே இல்லை, ஓட்டம் போதாமல். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி என்பதால் அழுத்தம் பரவாயில்லை. நான்காவது மாடிக்காரர்களுக்கு மொட்டை மாடித் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் முதலிலேயே தண்ணீர் மெதுவாகத்தான் வரும், இதை மாட்டியதும் சொட்டுச் சொட்டாகிவிட்டது. அவர்கள் கழற்றிவிட்டார்கள். அதற்குச் சங்கத்தில் அபராதம் போடலாமா என்று ஒரு மாமா கேட்டார், நல்லவேளை யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்தது பராமரிப்பு. உப்புத் தண்ணீர் ஊரில் இது மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டிய சாமான். டேங்கர் தண்ணீருக்கு ஆறு வாரத்தில் சல்லடை வெள்ளையாகப் பூத்துத் தண்ணீர் கோணலாகப் பீய்ச்சியது. வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிறையப் பேர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

எவ்வளவு மிச்சமானது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் தனி மீட்டர் இருக்கிறது. நாலு பேருக்கு நாளுக்கு 520 லிட்டர் ஓடியது 430-க்கு வந்தது. நல்ல குறைவுதான், ஆனால் 180 ரூபாய் சல்லடையே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று சொன்னால் அது புளுகு. அதே வாரம் கழிப்பறை ஃபிளஷ் தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலை வைத்தேன், ஒவ்வொரு முறையும் அவ்வளவு தண்ணீர் குறைவாகப் போகும், செலவு பூஜ்யம். நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு இருபது முறை அழுத்தினால் அதுவே 40 லிட்டர் வந்துவிடுகிறது. ஆர்ஓ சுத்திகரிப்புக் கருவியின் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வீடு துடைக்கிறோம், அது தனி.

2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் திறந்தார்கள், நாளுக்கு 77.5 கோடி லிட்டர், எங்களைப் போல நகரத்தோடு பின்னால் சேர்ந்த 110 கிராமங்களுக்காக. இனி ஏரேட்டர் எதற்கு என்று சங்கத்தில் பேச்சு கிளம்பியது. ஆனால் 2025 பிப்ரவரியிலேயே அதே தடை, அதே 5,000 ரூபாய் அபராதம் திரும்ப வந்தது. தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து நூறு கிலோமீட்டர் தூரம் மேட்டில் ஏற்றிக் கொண்டுவருகிற தண்ணீர் அது, வீணாக்கலாமா?

வாங்குகிறவர்களுக்கு: வாஷ் பேசினுக்கு 3 லிட்டர், சமையலறைக்கு 6, வாளிக் குழாய்க்கு ஒன்றும் வேண்டாம். கடைக்குப் போகும்போது பழைய மூடியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் மறை தப்பாது. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கலாம், வாஷர் இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்திருந்தால் நாலு. நானும் வாஷ் பேசினுக்குப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும், சின்னவன் கழற்றி விளையாடி அந்த வாஷரையும் தொலைத்துவிட்டான்.