திருத்துவதா, கேட்பதா? எழுத்தில் ஏறிவரும் பாகுபாடும் எடிட்டரின் நான்கு வழிகளும்

ஒரு சிறுகதைத் தொகுப்பின் கைப்பிரதி. இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "கருப்பாயி வாசலில் வந்து நின்றாள். சின்னப் பண்ணையார் கண்ணாடியைத் துடைத்தபடி வெளியே வந்தார்." கருப்பாயிக்கு வயது 60-க்கு மேல். சின்னப் பண்ணையாருக்கு 25. இலக்கணப் பிழை இல்லை, வசைச்சொல்லும் இல்லை. ஆனாலும் அந்த 'ஆள்', 'ஆர்' என்ற இரண்டு விகுதிகளுக்கு நடுவில் ஓர் ஊரின் மேலத்தெருவும் கீழத்தெருவும் பிரிந்து கிடக்கின்றன.

இப்படிப்பட்ட இடங்களில் எடிட்டர்கள் நான்கு வழிகளில் ஒன்றைக் கையாள்கிறோம். தவிர்க்க வேண்டிய சொற்களின் சொல்பட்டியலைப் பார்த்து மாற்றுவது, எழுத்தாளரிடம் சொல்லாமல் திருத்திவிடுவது, ஓரக்குறிப்பு எழுதிக் கேட்பது, எந்தச் சமூகத்தைப் பற்றி எழுதப்பட்டதோ அங்கிருந்து ஒருவரிடம் வாசிக்கக் கொடுப்பது. பத்திரிகையிலும் பதிப்பகத்திலும் நான்கையும் செய்து பார்த்தவன் நான். கேட்பதைத்தான் முதலில் வைப்பேன்.

சொல்பட்டியலைக் குறைத்துப் பேச மாட்டேன். 'கற்பழிப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் செய்தவன் ஒருவன். ஆனால் எதையோ இழந்தவளாக அந்தப் பெண்ணைக் காட்டுகிறது அந்தச் சொல். 'பாலியல் வல்லுறவு' என்று எழுதும்போது பழி செய்தவன் மேல் நிற்கிறது. இதை ஒவ்வொரு நிருபரிடமும் ஒவ்வொரு இரவும் விவாதித்துக்கொண்டிருக்க முடியாது. பட்டியலில் இருந்தால் ஒரே நொடியில் வேலை முடிகிறது. 'ஊமை', 'குருடன்', 'கள்ளக்காதல்', 'அழகிகள் கைது' போன்றவற்றுக்கும் அப்படித்தான்.

பட்டியலுக்கு இரண்டு குறைகள். ஒன்று, அது மூப்படையும். காந்தி 1933-இல் தன் பத்திரிகைக்கே வைத்த 'ஹரிஜன்' என்ற பெயரைத் தலித் மக்களில் பலர் ஏற்கவில்லை. இன்று அதை அச்சிடுவது அவமதிப்பு. தமிழக அரசு 2008-இல் நல வாரியம் அமைத்தபோது 'அரவாணிகள்' என்றுதான் எழுதினார்கள். இன்று 'திருநங்கை' என்கிறோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலுக்குப் பிறகு, பால்புதுமையர் (LGBTQIA+) தொடர்பான தமிழ்ச் சொற்களின் தொகுப்பை அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்து ஆண்டுகளாக ஒரே பட்டியலை வைத்திருப்பவர் பழைய அவமதிப்பை அக்கறையோடு அச்சிட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டாவது குறை பெரியது. பட்டியலுக்குச் சொல் தெரியும், இடம் தெரியாது. 'சேரி' என்பதைச் சேர்த்துவிட்டால் வேளச்சேரியும் புதுச்சேரியும் சிக்கிக்கொள்ளும். சங்கப் பாடல்களில் அது வெறும் குடியிருப்பு. 'காலனி' நேர்மாறு. அகராதியைப் பார்த்தால் அதில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் "அவன் காலனிக்காரன்" என்ற வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதற்காக வங்கி ஊழியர் குடியிருப்பின் பெயர்ப்பலகையில் இருக்கும் காலனியையும் நான் அடித்தால் அது மூடத்தனம். 'சண்டாளன்' என்று ஒரு பாத்திரம் திட்டுகிறது. நம்மில் பலருக்கு அது வெறும் திட்டு. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் அது ஒரு சாதியின் பெயர். இதில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று பட்டியல் சொல்லாது. கருப்பாயி நின்றதைப் பற்றியோ அதற்கு எதுவுமே தெரியாது. விகுதியை எந்தப் பட்டியலில் ஏற்றுவது?

சொல்லாமல் திருத்துவதுதான் வேகமான வழி. எடிட்டர் செய்யும் பெரிய தவறுகள் நடப்பதும் அங்கேதான். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வரலாற்றுக் கட்டுரையில் 'ஊமை' என்பதை மொத்தமாகத் தேடி 'பேச இயலாதவர்' என்று மாற்றினேன். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, 'பேச இயலாதவர்த்துரை' ஆகிவிட்டார். மெய்ப்புப் பார்த்த மூத்தவர் கண்ணில் பட்டதால் அச்சுக்குப் போகவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. அந்த வரியைச் சிவப்பில் வட்டமிட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்னொரு முறை, கதையில் ஒரு கொடுமைக்காரர் பேசும் வசனத்தை மென்மையாக்கிவிட்டேன். அவர் வாயில் வந்த சாதிப் பெயரை எடுத்ததும் அவர் நல்லவராகிவிட்டார். எதிரே நின்றவர் பட்ட அவமானம் பக்கத்திலிருந்தே காணாமல் போயிற்று. நூலாசிரியர் அச்சான பிறகுதான் பார்த்தார். அவருடைய கோபம் நியாயமானது. பாத்திரத்தின் பேச்சு வேறு, கதைசொல்லியின் குரல் வேறு என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

சொல்லாமல் திருத்துவதில் இன்னொரு நட்டம், எழுத்தாளருக்கு எதுவும் தெரியாமல் போய்விடுகிறது. அடுத்த கட்டுரையிலும் "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதையாக" என்றே எழுதி அனுப்புவார். நாம் மறுபடி அடிப்போம். ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்.

கருப்பாயியின் பக்கத்துக்கு வருகிறேன். ஓரத்தில் இப்படி எழுதினேன்: "ஐயா, கருப்பாயி அம்மாவுக்கு வயது 60-க்கு மேல், சின்னப் பண்ணையாருக்கு 25. ஒருவர் நின்றாள், ஒருவர் வந்தார். கதையைச் சொல்பவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறார்?" அவ்வளவுதான். 'சாதிய மனோபாவம்' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். அந்த மாதிரி ஒரு சொல் விழுந்ததும் எழுத்தாளர் தற்காப்பில் இறங்கிவிடுவார். பக்கத்தைப் பார்க்க மாட்டார். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு போனில் அழைத்தார். "நான் அப்படி நினைத்து எழுதவில்லை தம்பி, எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசுவோம்" என்றார். அதையே கதையாக்கலாமே என்றேன். திரும்பி வந்த பிரதியில் கதைசொல்லி அந்த வீட்டுப் பேரனாகியிருந்தான். முதல் பக்கங்களில் 'கருப்பாயி வந்தாள்' அப்படியே இருந்தது. அவன் வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பும் கடைசிக் காட்சியில் மட்டும் 'கருப்பாயி வந்தார்'. நானாக இரண்டு இடத்திலும் 'வந்தார்' போட்டிருந்தால் அந்தக் கதை கிடைத்திருக்காது.

கேட்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரு பக்கத்துக்கு 15 குறிப்பு எழுதினால் யாராலும் படிக்க முடியாது. நான் இரண்டு, மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். மாற்று வாக்கியம் ஒன்றையும் எழுதிக்கொடுப்பேன். குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எடிட்டரின் வேலை ஆகாது. எழுத்தாளர் மறுத்தால்? கதை என்றால் அவர் விருப்பம். கட்டுரையில் உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் வரி என்றால் ஆசிரியர் குழுவுக்குக் கொண்டுபோவேன்.

வெளி வாசகரிடம் கொடுப்பது, எழுத்தாளருக்கும் எடிட்டருக்கும் சேர்த்தே தெரியாத உலகம் கதையில் வரும்போது தேவை. சக்கர நாற்காலியில் இருப்பவர் பஸ்ஸில் எப்படி ஏறுகிறார் என்பதை நான் கற்பனையால் சரிபார்க்க முடியாது. ஆனால் ஒருவரை முழுச் சமூகத்தின் குரலாக்கக் கூடாது. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை மதிப்பாக ஏற்பவர்கள் பலர். உண்மையான தடைகளை அது பூசி மறைக்கிறது என்று நினைப்பவர்களும் மாற்றுத்திறனாளிகளிடையே இருக்கிறார்கள். வாசித்துத் தருபவருக்குக் கட்டாயம் ஊதியம் தர வேண்டும். பல பதிப்பகங்கள் இதை 'நட்புக்காக' முடித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

நாளிதழில் மட்டும் என் வரிசை மாறும். இரவு பதினோரு மணிக்கு, "தொழிலதிபர் கைது செய்யப்பட்டார்" என்று ஒரு செய்தி; அதே பக்கத்தில் "கூலித் தொழிலாளி கைது செய்யப்பட்டான்" என்று இன்னொன்று. இரண்டு பேர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. அங்கே நான் யாரையும் கேட்பதில்லை. 'டான்' என்பதை 'டார்' ஆக்கிப் பக்கத்தை அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் நிருபரை அழைத்துச் சொல்கிறேன்.