பழைய கார் லைட்டருக்கு ‘யுனிவர்சல்’ செட்: எதை எடுக்கலாம், எதை ஒதுக்கலாம்

பிராண்டு பெயர் இல்லாத சின்ன அட்டைப் பெட்டியில் வரும் 12 வோல்ட் ‘யுனிவர்சல்’ சிகரெட் லைட்டர் செட்டில் குமிழ், அதன் நுனியில் காயில் வைத்த கப், டேஷ்போர்டுக்குள் உட்காரும் சாக்கெட், பின்னாலிருந்து அதை இறுக்கிப் பிடிக்கும் குழல் என நான்கு உருப்படிகள் இருக்கும். 1950, 60களின் காருக்கு இதை முழுசாக மாட்டுவது தப்பு. குமிழின் வடிவம் பக்கத்துக் குமிழ்களோடு ஒட்டாது, சாக்கெட்டின் தகடும் மெலிசு. காயில் கப்புக்காக மட்டும் வாங்கினால் இது நல்ல சாமான்.

வாங்குவதற்கு முன் பழைய கப் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். குமிழை அமுக்கும்போது சாக்கெட்டின் அடியில் இருக்கும் பைமெட்டல் கிளிப்புகள் (இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த, சூட்டில் வளையும் தகடுகள்) கப்பைக் கவ்வுகின்றன. கரண்ட் கிளிப் வழியாகக் கப்புக்கும் காயிலுக்கும் போய், குமிழின் தண்டு, சாக்கெட்டின் உடல் வழியாக எர்த்தை, அதாவது காரின் உலோக உடலை, சேர்கிறது. சூடேறியதும் கிளிப்புகள் விரிந்து பிடியை விட, ஸ்பிரிங் குமிழை வெளியே தள்ளுகிறது. ஆகவே கோளாறு காயிலிலும் இருக்கலாம், கிளிப்பிலும் இருக்கலாம்.

காயிலைப் பார்க்க மல்டிமீட்டர் போதும். கப்பின் விளிம்புக்கும் காயிலின் நடுவுக்கும் இடையே 12 வோல்ட் காயில் ஒன்றிலிருந்து இரண்டு ஓம் வரை காட்டும். மீட்டர் முனைகளை முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். இணைப்பே இல்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. சால்டர் வைத்து ஒட்டப் பார்க்காதீர்கள்: சால்டர் ஈயம் 190 டிகிரி வாக்கில் உருகிவிடும், காயிலோ சிவக்கச் சிவக்கச் சூடாகிறது. இந்த இடத்தில்தான் புது கப் கைகொடுக்கும்.

பல மாடல்களில் கப் தண்டோடு மரையில் நிற்கிறது. பேக்கலைட் குமிழைக் கொறடால் பிடித்தால் உடைந்துவிடும். கப்பைத் துணி சுற்றிப் பிடித்து, குமிழைக் கையாலேயே திருப்புங்கள். பழைய குமிழைக் கடைக்கே கொண்டுபோவது நல்லது. புது கப் இரண்டு சுற்றில் நின்றுவிட்டால் மரை வேறு. அழுத்தித் திருகினால் தண்டும் போய்விடும்.

1966 வரை வந்த வோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற 6 வோல்ட் காராக இருந்தால் இந்தச் செட் உதவாது. பாதி வோல்டேஜில் கால்வாசி வாட்தான் கிடைக்கும். காயில் சிவக்காது, குமிழும் வெளியே வராது. காரை 12 வோல்டுக்கு மாற்றிவிட்டுப் பழைய 6 வோல்ட் கப்பை விட்டுவைத்திருந்தால் அது நான்கு மடங்கு வாட் வாங்கி எரிந்துபோகும்.

பொறுமை வேண்டிய வேலை கிளிப்பில்தான். பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். 600 நம்பர் எமரித்தாளைக் குச்சியில் சுற்றி, கிளிப்பின் உள்முகத்தைப் பளிச்சென்று தேயுங்கள். அமுக்கிய உடனே குமிழ் திரும்பி வந்தால் கிளிப் தளர்ந்திருக்கிறது. போன் சார்ஜர்களைச் செருகிச் செருகி விரிந்துபோவதே பெரும்பாலும் காரணம். எல்லாக் கிளிப்பையும் சமமாக, தடவைக்கு அரை மில்லிமீட்டர் அளவே உள்ளே வளையுங்கள். காயில் நன்றாகச் சிவந்தும் குமிழ் வராவிட்டால் பிடி அதிகம், சற்று விரியுங்கள். மங்கலாகவே எரிந்தால் எர்த்தைச் சந்தேகியுங்கள். பெயின்ட் அடித்த டேஷ்போர்டில் சாக்கெட் தொடும் இடத்தைச் சுரண்டுங்கள், மரப் பலகை என்றால் தனி எர்த் வயர் இழுங்கள்.

பின்பக்கத்து நட்டுக்கு அடியில் இருக்கும் மைக்கா அல்லது ஃபைபர் வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே மாட்டுங்கள். நடு போல்ட் உடலைத் தொட்டால் ஃப்யூஸ் உடனே போகும். லைட்டர் 8 முதல் 10 ஆம்பியர் இழுப்பதால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 15 ஆம்பியர் ஃப்யூஸும் போடலாம். பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த் உண்டு, அதாவது பேட்டரியின் பிளஸ் முனை காரின் உடலோடு சேர்ந்திருக்கும். லைட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சார்ஜருக்குப் போலாரிட்டி தலைகீழாகிவிடும்.

கடையில் ஏமாறாமல் இருக்க டார்ச் அடித்துச் சாக்கெட்டின் அடியைப் பாருங்கள். பைமெட்டல் கிளிப் இல்லாத, சார்ஜருக்கு மட்டுமான சாக்கெட்டும் வெளியே பார்க்க இதே மாதிரி இருக்கும். அதில் லைட்டரைச் செருகினால் வெளியே தள்ள ஆளில்லை, பிளாஸ்டிக் உருகும். இத்தகைய சாக்கெட்டுக்கு 28, 29 மில்லிமீட்டர் துளை வேறு கேட்கும். அதற்காகப் பழைய டேஷ்போர்டை அறுப்பது பாவம்.

மாட்டி முடித்ததும் முதல் ஐந்தாறு தடவை கையைக் குமிழ் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்திலிருந்து இருபது வினாடிக்குள் தானே வர வேண்டும். முப்பதைத் தாண்டினால் இழுத்து எடுத்துவிட்டு, கிளிப்பை மறுபடி பாருங்கள்.