நஞ்சில்லாத பூஞ்சையிலும் மூன்று வகை: ஏஎஃப்36, அஃப்லா-கார்டு, அஃப்லாசேஃப்

2004இல் கிழக்கு கென்யாவில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கலந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் நோயில் விழுந்தார்கள், 125 பேர் இறந்தார்கள். வீட்டில் ஈரம் காயாமல் அடுக்கிவைத்த சோளம். இந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. அதனால் பயிர் வயலில் நிற்கும்போதே தடுத்தாக வேண்டும்.

நஞ்சைச் சுரப்பது முக்கியமாக ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை. ஆனால் அதன் எல்லா ரகமும் நஞ்சு சுரப்பதில்லை. சுரக்காத ரகத்தை முளைக்காத தானியத்தில் ஏற்றி வயலில் தூவினால், இரவு ஈரத்தில் சில நாளில் தானியம் பச்சையாகப் பூத்து வித்துகளைக் கிளப்பும். நஞ்சுள்ள பூஞ்சை வந்து உட்காரும் முன் இது இடத்தைப் பிடித்துவிடும். தலைப்பில் சொன்ன மூன்று மருந்துக்கும் அடிப்படை இதுதான்.

ஏஎஃப்36 அரிசோனாவின் பருத்தி வயல்களுக்காக வந்தது. பருத்திக்கொட்டையைத் தின்னும் மாட்டின் பாலிலும் நஞ்சு இறங்கும் என்பதால் அங்கே அது பெரிய தலைவலி. ஒரே ரகம்தான். அஃப்லடாக்சின் மரபணு ஒன்றில் ஏற்பட்ட சின்னப் பிழையால் நஞ்சு சுரக்காது. ஆனால் சைக்ளோபியாசோனிக் அமிலம் என்ற இன்னொரு நஞ்சைச் சுரக்கும். அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: பருத்தி விவசாயிகளின் சொந்த அமைப்பே தயாரித்து வழங்குகிறது.

அஃப்லா-கார்டு ஜார்ஜியாவின் நிலக்கடலைக்கு வந்தது, அப்புறம் மக்காச்சோளத்துக்கும். இதுவும் ஒரே ரகம். ஆனால் இரண்டு நஞ்சுக்குமான மரபணுத் தொகுதிகளே அதில் இல்லை. ரகத்தை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் ரகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. நைஜீரியாவின் இபாதானில் உள்ள ஐஐடிஏ என்ற வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையோடு சேர்ந்து உருவாக்கிய அஃப்லாசேஃபில் நான்கு ரகங்கள் உண்டு. அந்தந்த நாட்டு மண்ணிலிருந்தே எடுத்தவை. கென்யாவுக்கு ஒன்று, செனகலுக்கு ஒன்று என்று தனித்தனி மருந்து. ஒரு ரகம் ஒரு பருவத்தில் சோர்ந்தாலும் மற்றது நிற்கும். வறுத்த சோள மணிகளில் (மக்காச்சோளம் அல்ல, சிறு சோளம்) ஏற்றியிருப்பார்கள். ஹெக்டேருக்கு 10 கிலோ, பூக்க இரண்டு மூன்று வாரம் முன்பு, கையாலேயே தூவலாம். 80 சதவீதத்துக்கு மேல் நஞ்சு குறைந்ததாக வயல் சோதனைகள் பல காட்டியிருக்கின்றன. தன் சோளத்தைத் தானே சாப்பிடும் சிறு விவசாயிக்கு, தயங்காமல் சொல்வேன், இதுதான்.

சிக்கல் காசில் இருக்கிறது. அமெரிக்காவில் நஞ்சு 20 பிபிபி (நூறு கோடிக்கு 20 பங்கு) தாண்டினால் சரக்கு மனித உணவுக்குப் போகாது, அதனால் விவசாயி மருந்துக்குச் செலவழிக்கிறான். வீட்டுக்குதிரில் இருக்கும் சோளத்தை யார் சோதிக்கிறார்கள்? நைஜீரியாவில் கோழித் தீவனக்காரர்கள் சுத்தமான சோளத்துக்குக் கூடுதல் விலை தந்தபோதுதான் அங்கே வாங்க ஒரு காரணம் கிடைத்தது.

எதை வாங்கினாலும் காய்ந்த மண்ணில் தூவினால் வீண், மணிகளை எறும்பும் பறவையும் கொண்டுபோய்விடும். அறுத்த பிறகு சோளத்தை 13 சதவீத ஈரத்துக்குக் காயவைக்கும் வேலையையும் இந்த மருந்து எதுவும் செய்து தராது.