போனுக்கு ஆண்ட்ராய்டு, டேப்லெட்டுக்கு ஐபேட்: சென்னை வீட்டுக்கு எது சரிவரும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பம் மாதச் சம்பளத்திலிருந்தோ இஎம்ஐயிலோ வாங்குவதாக இருந்தால், போன் ஆண்ட்ராய்டில் இருக்கட்டும், டேப்லெட் வேண்டுமென்றால் அது ஐபேடாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்கினால்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று கடைகளில் சொல்வார்கள். ஒத்துப்போவது உண்மைதான், ஆனால் அந்த வசதிக்காகக் கூடுதலாகக் கொடுக்கிற 40 ஆயிரம் ரூபாயில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸில் ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். இதற்கு விதிவிலக்குகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒரு இயங்குதளம், அதாவது போனை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள், என்ற பேச்சு இப்போது இங்கே இல்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது இந்த ஊரில் போன் என்றாலே நோக்கியாதான், 2014-ல் அந்த ஆலையே மூடப்பட்டது. பிளாக்பெரியின் பழைய இயங்குதளத்துக்கு 2022 ஜனவரியோடு ஆதரவு நின்றது, விண்டோஸ் போன்கள் அதற்கும் முன்பே போய்விட்டன. ஹுவாவேயின் ஹார்மனி சீனாவுக்கு வெளியே நமக்கு உதவாது. ஆக, கூகுளின் ஆண்ட்ராய்டு, ஆப்பிளின் ஐஓஎஸ், இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

விலையில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. 2025-ல் ஐபோன் 17 இங்கே 82,900 ரூபாய்க்கு வந்தது, குறைந்த விலை மாடல் என்று வந்த 16இ கூட 59,900. ஸ்ரீபெரும்புதூரிலேயே ஐபோன் தயாராகிறதே, நமக்கு மலிவாகக் கிடைக்காதா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். எங்கே தயாரித்தாலும் விலையை முடிவு செய்வது ஆப்பிள், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 10 ஆயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை எல்லாப் படியிலும் போன் இருக்கிறது, அதுவே அதன் பெரிய பலம், பெரிய தொல்லையும் அதுவே, ஏனென்றால் ஆண்ட்ராய்டு என்ற ஒரே பெயரில் விற்கிற போன்கள் எல்லாம் ஒரே தரம் இல்லை.

கடைக்குப் போனால் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம், எத்தனை ஜிபி ராம் என்று கேட்கிறோம், எத்தனை வருடத்துக்கு அப்டேட் வரும் என்று மட்டும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வி. ஐபோனில் இயங்குதளம் எழுதுவதும் போன் தயாரிப்பதும் சிப் வடிவமைப்பதும் ஒரே கம்பெனி என்பதால், புதிய பதிப்பு வந்த அன்றைக்கே தகுதியுள்ள எல்லா போன்களுக்கும் வந்துவிடும். 2019-ல் வெளிவந்த ஐபோன் 11-க்கு 2025-ன் ஐஓஎஸ் 26 வந்தது, ஆறு வருடம் கழித்து. ஆண்ட்ராய்டில் கதை வேறு. கூகுள் எழுதி வெளியிட்டதை குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனிகள் தங்கள் சிப்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், அதை வாங்கி போன் கம்பெனி அதன் மேல் தன் சொந்தத் தோற்றத்தைப் போர்த்த வேண்டும், சாம்சங்கில் அதற்குப் பெயர் ஒன் யூஐ, ஷாவ்மியில் ஹைப்பர் ஓஎஸ், ஓப்போவில் கலர் ஓஎஸ், அப்புறம் ஒவ்வொரு மாடலிலும் சோதிக்க வேண்டும். விலை குறைந்த மாடலுக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று கம்பெனி நினைத்தால், இரண்டு வருடத்தில் அந்த போனைக் கைகழுவிவிடும்.

பத்து வருடத்துக்கு முன் இந்த ஒரு காரணத்துக்காகவே ஐபோன் வாங்கலாம் என்று சொல்லியிருக்கலாம், இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2023-ல் பிக்சல் 8-க்கு ஏழு வருட அப்டேட் என்று கூகுள் அறிவித்தது, அடுத்த சில மாதங்களில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. அதைவிட நம் பட்ஜெட்டுக்கு முக்கியமானது, 2024-ல் 18,999 ரூபாய்க்கு அறிமுகமான கேலக்ஸி ஏ16 5ஜிக்கே ஆறு வருடம் என்று உறுதி கொடுத்ததுதான். அதே விலையில் பக்கத்து அலமாரியில் இருக்கும் போனுக்கு இரண்டு வருடம் மட்டும் என்றால், அதன் ராம் எத்தனை ஜிபியாக இருந்தாலும் நான் அதைத் தொடமாட்டேன். பழைய இயங்குதளத்தில் மாட்டிக்கொண்ட போனில் முதலில் பேங்க் ஆப் மக்கர் பண்ணும், அப்புறம் வாட்ஸ்அப்பே நின்றுவிடும். 2025 மே மாதம் ஐபோன் 6-க்கு அதுதான் நடந்தது.

விளம்பரத் தொல்லையைச் சொல்லாமல் ஆண்ட்ராய்டைப் பரிந்துரைப்பது நியாயமில்லை. குறைந்த விலை போன்கள் சிலவற்றில் லாக் ஸ்கிரீனிலேயே விளம்பரம், ஃபைல் மேனேஜரைத் திறந்தால் விளம்பரம், நாம் கேட்காத இருபது ஆப் முன்கூட்டியே போட்டு வருகிறது. எங்கள் வீட்டில் ஒரு போனை வாங்கிய அன்றைக்கே அவற்றையெல்லாம் நீக்க உட்கார்ந்தோம், சிலவற்றை நீக்கவே வழியில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் இதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது. ஐபோனில் இந்த அளவுக்கு இல்லை. கடையில் டெமோ போனைக் கையில் எடுத்து, லாக் ஸ்கிரீனையும் ஆப் பட்டியலையும் ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இனி தமிழ். இதை எந்த ரிவ்யூவிலும் விரிவாகப் பேசுவதில்லை, நமக்கோ தினமும் தேவைப்படுவது இதுதான். ஆண்ட்ராய்டின் மெனு, செட்டிங்ஸ் எல்லாவற்றையும் தமிழில் வைத்துக்கொள்ளும் வசதி 2014-ல் ஆண்ட்ராய்டு 5-லேயே வந்துவிட்டது. ஐபோனில் அது வந்தது 2025-ல், ஐஓஎஸ் 18.4-ல். இடையில் பத்து வருடத்துக்கும் மேல்! ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு அத்தனை வருடமும் ஐபோன் என்பது யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் பயன்படுத்தக்கூடிய பொருளாகத்தான் இருந்தது. தட்டச்சில் ஆப்பிள் அவ்வளவு மோசமில்லை, 2013-ல் ஐஓஎஸ் 7-லேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே வந்தன. செல்லினம், ஜிபோர்டு என்ற விசைப்பலகை ஆப்கள் இரண்டும் இரு பக்கமும் கிடைக்கின்றன. ஆனால் ஜிபோர்டின் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாக மாறுகிற வசதி 2017-லிருந்து ஆண்ட்ராய்டில் இருக்கிறது, அங்கே அது போனோடு ஒட்டியிருக்கும் அளவுக்கு ஐபோனில் ஒட்டவில்லை. வெளி கம்பெனிகளின் விசைப்பலகை ஆப்களை ஐபோன் கொஞ்சம் தள்ளியே வைக்கிறது, பாஸ்வேர்டு கட்டம் வந்தால் தானாகவே ஆப்பிளின் விசைப்பலகைக்கு மாற்றிவிடும். பாதுகாப்புக்காகச் செய்வது, காரணம் சரி, ஆனால் பழகாதவர்கள் குழம்புகிறார்கள். தமிழில் நிறைய எழுதுகிறவர், அல்லது எழுதவே தெரியாமல் பேசி அனுப்புகிறவர், இரண்டு பேருக்குமே என் ஓட்டு ஆண்ட்ராய்டுக்குத்தான்.

இப்போது ஐபோன் பக்கம் நியாயமாகச் சாய வேண்டிய இடம். வாட்ஸ்அப்பில் 'டிராஃபிக் ஃபைன் சலான்' என்று ஒரு ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவுகிற ஃபைல்) வரும், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் வரும். ஆண்ட்ராய்டில் அதைத் தொட்டு, எச்சரிக்கைகளைப் படிக்காமல் 'சரி, சரி' என்று அழுத்திக்கொண்டே போய், கடைசியில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், வருகிற ஓடிபி எல்லாம் திருடன் கையில். ஐபோனில் இந்தக் குறிப்பிட்ட வழி அடைபட்டிருக்கிறது. ஏபிகே அங்கே ஓடாது, இந்தியாவில் ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து சாதாரணமாக ஆப் போடவும் முடியாது, எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து படிக்கும் அனுமதியை ஆப்பிள் எந்த வெளி ஆப்புக்கும் கொடுப்பதில்லை. அதனால் மயிலாப்பூரிலோ தாம்பரத்திலோ பென்ஷன் பணத்தோடு தனியாக இருக்கிற அப்பா அம்மாவுக்கு வாங்குகிறீர்கள், பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில், எது வந்தாலும் தொட்டுப் பார்க்கிற பழக்கமும் அவர்களுக்கு உண்டு என்றால், அவர்களுக்கு ஐபோன் வாங்கிக் கொடுங்கள், அந்தக் காசு வீணில்லை. ஆண்ட்ராய்டுதான் என்றால் புதிய சாம்சங் போன்களில் ஆட்டோ பிளாக்கர் என்று ஒரு வசதி இருக்கிறது, அதை ஆன் செய்துவிட்டுக் கொடுங்கள், வெளியிலிருந்து வருகிற ஆப்பை அது தடுத்துவிடும். எந்த போனாக இருந்தாலும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிற அழைப்பு வரத்தான் செய்யும், அதை எந்த இயங்குதளமும் நிறுத்தாது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை இரண்டிலும் சேமித்து வையுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். யூபிஐ இரண்டிலும் ஒரே மாதிரி, மெட்ரோ டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலேயே எடுத்துவிடலாம். அமெரிக்காவில் ஐபோனுக்கு வருகிற மெசேஜ் பச்சையா (ஆண்ட்ராய்டிலிருந்து) நீலமா (ஐபோனிலிருந்து) என்று சண்டை போடுகிறார்கள், இங்கே எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருப்பதால் அது நமக்கு ஒரு பொருட்டே இல்லை. சார்ஜர் ஒயர் பிரச்சினையும் 2023-ல் ஐபோன் 15 டைப்-சிக்கு வந்தபோது தீர்ந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற பாட்டுகளை இழுத்துப் போட ஆண்ட்ராய்டு சுலபம், ஐபோனில் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். இலவச கிளவுட் இடம் கூகுளில் 15 ஜிபி, ஆப்பிளில் 5 ஜிபி. அந்த 5 ஜிபி நிரம்பியதும் மாதாமாதம் காசு கட்டச் சொல்லும், கடைசியில் எல்லாரும் கட்டிவிடுகிறார்கள்.

ரிப்பேரில் வித்தியாசம் பெரிது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆண்ட்ராய்டு போனுக்கு டிஸ்ப்ளேவோ பேட்டரியோ மாற்றுவது பெரும்பாலும் ஒரு மதிய வேளைக்குள் முடிகிற வேலை. புதிய ஐபோன்களில் வெளிக்கடையில் அசல் அல்லாத பேட்டரி போட்டால், போன் ஓடும், ஆனால் செட்டிங்ஸில் 'தெரியாத பாகம்' என்று காட்டும், பின்னால் விற்கும்போது அது விலையைக் குறைக்கும். அசலே வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், பில் சுளீரென்று இருக்கும்.

சரி, டேப்லெட். போனுக்கு ஆண்ட்ராய்டு என்று இவ்வளவு பேசிய நான் இங்கே கட்சி மாறுவதற்குக் காரணம் ஆப்கள். நிறைய ஆண்ட்ராய்டு ஆப்கள் இன்னும் போனுக்கென்று எழுதப்பட்டவை, பெரிய திரையில் அவை அப்படியே இழுத்து விரிக்கப்பட்டுத் தெரிகின்றன, எழுத்து பெரிதாகும், இடம் வீணாகும், பயன் கூடாது. ஐபேடுக்கு 2010-லிருந்தே தனியாக ஆப் எழுதுகிறார்கள். படம் வரைகிற பிள்ளைக்கு புரோகிரியேட், இசை கற்கிற பிள்ளைக்கு கராஜ்பேண்ட், இரண்டும் ஆண்ட்ராய்டில் இல்லவே இல்லை. 2025-ல் ஐபேட் 128 ஜிபி 34,900 ரூபாய்க்கு வந்தது, ஐபோன் 17 விலையோடு பார்த்தால் பாதிக்கும் குறைவு, 2020-ல் வந்த எட்டாம் தலைமுறை ஐபேடுக்கே ஐபேட் ஓஎஸ் 26 வந்தது என்பதால் கல்லூரி முடியும் வரை ஓடும் என்று நம்பி வாங்கலாம்.

ஐபேடிலும் குறை இல்லாமல் இல்லை. கால்குலேட்டர் வந்ததே 2024-ல், வாட்ஸ்அப் வந்தது 2025-ல். திரையில் வரைகிற ஆப்பிள் பென்சிலுக்குத் தனியாகக் காசு, ஆனால் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் பெட்டியிலேயே பேனா இருக்கிறது. சிம் போட்ட ஐபேடிலும் சாதாரண போன் கால் பேச முடியாது. எனக்கு ரொம்ப உறுத்துவது இன்னொன்று: ஒரே ஐபேடை அக்காவும் தம்பியும் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் ஆளுக்கொரு கணக்கு வைக்க வழியில்லை, பல ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் அது இருக்கிறது. வீட்டுக்கே ஒரு டேப்லெட்தான், அதில்தான் எல்லாரும் கிரிக்கெட்டும் யூடியூபும் பார்க்கப் போகிறார்கள் என்றால், 15, 20 ஆயிரத்தில் ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட் போதும். வாங்கும் முன் அதில் வைட்வைன் எல்1 (வீடியோவைக் காப்பி எடுக்கவிடாமல் காக்கிற வசதி) இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், அது இல்லாத டேப்லெட்டில் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் மங்கலாகத்தான் ஓடும்.

கடைசியாக, அமெரிக்காவிலிருந்து வருகிற சித்தப்பாவிடம் ஐபோன் சொல்லிவிடுகிறவர்களுக்கு. 2022-ல் வந்த ஐபோன் 14-லிருந்து அமெரிக்க மாடல்களில் சிம் போடும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கிற இ-சிம் மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வீ மூன்றும் இ-சிம் கொடுக்கின்றன என்பதால் போன் வேலை செய்யும், ஆனால் திடீரென்று போன் கெட்டால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ள முடியாது. பழைய ஐபோனை பர்மா பஜாரிலோ வேறு எங்கோ வாங்குகிறவர்கள், விற்பவரின் ஆப்பிள் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டதைக் கண்ணால் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள், இல்லையென்றால் அந்த போன் பூட்டியே கிடக்கும். ஆண்ட்ராய்டிலும் கூகுள் கணக்குக்கு இதே விதிதான். எந்த போனானாலும் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்து ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணை, எடுங்கள், கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு இடைவெளியும் அந்த 15 இலக்க எண்ணும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது, இந்த மூன்றில் எது பதிலாக வந்தாலும், விலையை எவ்வளவு குறைத்தாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.