114 மி.மீ. டெலஸ்கோப்: நிலவு நன்றாகத் தெரிகிறது, ஆள்தான் இன்னும் கிளம்பவில்லை

ஆரம்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றாலே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் வெறுங்கண்ணுக்குத் தெரியும், இதற்கு டெலஸ்கோப் வேறயா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2023 ஏப்ரலில் ஆர்ட்டெமிஸ் 2 என்கிற நிலவுப் பயணத்தில் போகப்போகிற நாலு பேரை நாசா அறிவித்தது. 2024 நவம்பரில் நிலவைச் சுற்றிவிட்டு வருவார்கள் என்றார்கள். நாலாவது போகிற மகளுக்கு நிலவைக் காட்டி, 'இப்போ அங்க ஆளுங்க இருக்காங்க' என்று சொல்லிவிட வேண்டும் என்கிற ஆசையில் அந்த ஜூன் மாதமே சென்னையில் ஒரு கடையில் 14,500 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். இதை எழுதுவது 2025 தை மாதம். மகள் ஐந்தாவது படிக்கிறாள், டெலஸ்கோப்புக்கு ஒன்றரை வயது, அந்த நாலு பேரும் இன்னும் பூமியில்தான்.

முதலில் பொருளைப் பற்றி. கண்ணாடி 114 மி.மீ., குவியத் தூரம் 900 மி.மீ., கூடவே கண்ணை வைத்துப் பார்க்கிற லென்ஸ், அதாவது ஐபீஸ், 25, 10, 4 மி.மீ. என்று மூன்று. பெட்டியில் '675 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், அதை நம்பி வாங்காதீர்கள். கண்ணாடியின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் இரண்டு மடங்குவரைதான் உருப்படியாகத் தெரியும், அதற்கு மேலே போனால் பனிமூட்டத்தில் பஸ் போர்டு படிக்கிற கதைதான். 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 90 மடங்கு, நிலவு அந்த வட்டத்தை நிரப்பிக்கொண்டு நிற்கும், தலைகீழாக. அது ஒன்றுக்கே கொடுத்த காசு செரித்துவிட்டது. பௌர்ணமியில் பார்க்காதீர்கள், நிழலே இல்லாமல் வெள்ளைத் தட்டு மாதிரி இருக்கும். வளர்பிறை ஏழு எட்டாம் நாளில் பாருங்கள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆழம் தெரியும்.

ஸ்டாண்டுதான் மோசம். எங்கள் தெருவுக்குப் பின்னால் கொல்கத்தா நெடுஞ்சாலை, தடா பக்கம் ஒரு லோடு லாரி போனால் நிலவு இரண்டு விநாடி ஆடும். நடுவில் இருக்கிற கொக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. பழவேற்காட்டு உப்புக் காற்று வேறு, துடைத்து மூடி வைக்காவிட்டால் திருகெல்லாம் துருப்பிடிக்கிறது.

நிலவைக் குறிபார்த்துப் பிடிக்க மேலே மாட்டுகிற சின்னக் குழாயான ஃபைண்டர் உடைந்தே வந்தது. கடையில் சொன்னால் 'அடுத்த வாரம் சார்'. அந்த அடுத்த வாரம் ஐந்து மாதம் கழித்துதான் வந்தது, ஏன் தாமதம் என்று கடைசிவரை ஒரு வார்த்தை இல்லை. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 இறங்கினபோது ஃபைண்டர் இல்லாமலே, துப்பாக்கி குறிபார்க்கிற மாதிரி குழாய் ஓரமாகக் கண்ணை வைத்துத்தான் நிலவைப் பிடித்தோம். தெருவே மாடிக்கு ஏறி வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரப் பெரியம்மா, 'ஜெண்டா கனிபிஸ்துந்தா?' என்று கேட்டார். கொடியாவது? இந்தக் கண்ணாடியில் நிலவின் மேல் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்குக் குறைவான எதுவும் பிரிந்து தெரியாது. ஊரையே கொண்டுபோய் வைத்தாலும் ஒரு புள்ளிதான்.

சரி, ஆள் ஏன் கிளம்பவில்லை? 2022 நவம்பரில் ஆளில்லாமல் போன ஆர்ட்டெமிஸ் 1 திரும்பி வந்தபோது, ஆள் உட்கார வேண்டிய ஓரியன் கலத்தின் வெப்பக் கவசத்தில் நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கரிப்பொருள் பெயர்ந்து போயிருந்தது. திரும்பும் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 40,000 கிலோமீட்டர். காற்று மண்டலத்தில் ஒருமுறை முங்கி எழுந்து மறுபடி முங்கும் வழி அது, அந்த இடைவெளியில் கவசத்துக்குள் உண்டான வாயு வெளியேற வழியில்லாமல், விசில் அடைத்த குக்கர் மாதிரி அழுத்தம் ஏறி விரிசல் விட்டது என்று கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனது. கவசத்தை மாற்றப்போவதில்லை, திரும்பி வரும் பாதையைத்தான் மாற்றுகிறார்கள். இது தவிர காற்றைச் சுத்தம் செய்யும் கருவியின் வால்வு மின்சுற்றிலும் கோளாறு. 2024 ஜனவரியில் 2025 செப்டம்பர் என்றார்கள், டிசம்பரில் 2026 ஏப்ரல் என்றார்கள்.

இதில் எனக்குக் கோபம் இல்லை. இங்கே எல்லோருக்கும் 2019 ஜூலை 15 ஞாபகம் இருக்கும். சந்திரயான்-2 பார்க்க ராத்திரி இரண்டு மணிக்கு ஃபிளாஸ்க்கில் டீயோடு மாடியில் உட்கார்ந்திருந்தோம், 56 நிமிஷம் பாக்கி இருக்கும்போது கவுண்ட்டவுனை நிறுத்திவிட்டார்கள். திட்டிக்கொண்டேதான் படுத்தோம். ஒரே வாரத்தில் பட்டப்பகலில் ஜம்மென்று போனது. அதில் ஆள் இல்லை, இதில் நாலு உயிர். காரணத்தைச் சொல்லிவிட்டுத் தள்ளிப்போடுகிறவனை மன்னிக்கலாம், என் ஃபைண்டர் கடைக்காரர் மாதிரி வாயே திறக்காதவரைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அடுத்து நிலவில் ஆளை இறக்கும் பயணத்தில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. 2024-க்குள் இறங்கிவிடுவோம் என்று 2019-இல் சொன்னார்கள், 2024 டிசம்பரில் 2027 நடுவில் என்றார்கள். இறக்கிவிட வேண்டிய, ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஸ்டார்ஷிப் கலத்துக்குப் பூமியைச் சுற்றும்போதே பல டேங்கர் கலங்கள் போய் மீத்தேனும் ஆக்சிஜனும் நிரப்ப வேண்டும். உறைய வைக்கும் குளிரில் இருக்கிற திரவத்தை ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு அந்த அளவில் விண்வெளியில் யாரும் மாற்றியதில்லை. போதாக்குறைக்கு இறங்கும் இடம் தென்துருவம். என் டெலஸ்கோப்பிலேயே அந்த ஓரத்தைப் பாருங்கள், சூரியன் படுத்தபடி அடிப்பதால் நிழலும் மேடும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். 1972 டிசம்பரில் அப்போலோ 17 இறங்கிய பக்கமெல்லாம் தெளிவாகத் தெரிகிறது, இது தெரிவதில்லை.

டெலஸ்கோப்புக்கு ஐந்துக்கு மூன்றரை. கண்ணாடிக்கு நாலரை கொடுத்து, ஸ்டாண்டுக்கு ஒன்று பிடித்துக்கொண்டேன். கடைக்குத் தனியாக மார்க் போடச் சொன்னால் பூஜ்ஜியம்தான். 2026 ஏப்ரலில் மகளுக்கு ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை, இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் லீவு வந்துவிடும் என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.